அம்மா கேட்ட நத்தை

1

நாத்தா சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பாதிப் பேர் மேல்பக்கத்தைப் பார்த்தே ஏமாந்து போவார்கள். அடியில் பாய் சுருட்டி வைத்த மாதிரி மாவு சுற்றிச் சுற்றி வரியோடியிருக்க வேண்டும். வரி இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தால் மாவைத் தட்டி அச்சில் திணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். வரி இருந்தால் ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். நொறுங்கும் சத்தம் காதில் விழ வேண்டும். அப்புறம்தான் மேல்பக்கம். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் தோசையில் அங்கங்கே கருப்பு விழுமே, அந்த மாதிரி தீய்ந்திருக்க வேண்டும். தட்டை லேசாக ஆட்டினால் நடுவிலுள்ள கஸ்டர்டு நடுங்க வேண்டும், வழியக்கூடாது. முட்டை வாடை அடித்தால் போச்சு. மாவு ருசி நாக்கில் ஒட்டினாலும் போச்சு.

நாத்தா என்பது போர்ச்சுக்கல் பலகாரம். உள்ளங்கைக்குள் அடங்குகிற கிண்ணம் மாதிரி மொறுமொறுப்பான மாவு, அதற்குள் முட்டை மஞ்சள்கருவும் பாலும் சர்க்கரையும் காய்ச்சி ஊற்றிய கஸ்டர்டு, அவ்வளவுதான். நம் ஊரில் டீக்கடை வடை எப்படியோ அப்படி இங்கே. தெருவுக்குத் தெரு ஒரு பேக்கரி, பேக்கரிக்குப் பேக்கரி ஒரு சண்டை, எங்கள் கடை நாத்தாதான் நாத்தா என்று.

லிஸ்பனுக்கு ஆற்றின் அக்கரையில் அல்மாடா என்று ஓர் ஊர். அங்கே அப்படி ஒரு பேக்கரியில் நான் வேலை பார்க்கிறேன். வந்த புதிதில் தட்டு கழுவினேன். இப்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். முதலாளியம்மா பெயர் லுர்டெஸ். நம் லூர்துதான். தெருவுக்கு நாலு லூர்து இருக்கிற கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவள் நான், மனசுக்குள் லூர்தம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். காலையில் முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் ஒன்றை எடுத்து என் கையில் வைப்பாள். நான் கவிழ்த்துப் பார்த்து, கடித்து, எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். என் நாக்கு பெரிய நாக்கு என்றெல்லாம் இல்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி.

போன வியாழக்கிழமை அவள் நீட்டியபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு என் அம்மா இறந்து ஒரு வருசம் முடிந்த நாள். "விரதமா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விரதமெல்லாம் ஒன்றும் இல்லை. காரணம் வேறு. அதை இந்த ஊர் பாசையில் சொல்ல எனக்குச் சொல் போதாது என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில். அப்பா போன பிறகு அம்மா ஒற்றை ஆளாகத் திராட்சைப் பந்தலைப் பார்த்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து ஒரு பாராட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரே மெச்சுகிற கல்யாண விருந்தைச் சாப்பிட்டு வந்தாலும் "திங்கலாம்" என்பாள். அதுதான் அவள் கொடுக்கிற உச்ச மார்க். அதற்குக் கீழே "வாய்க்கு ஆகல". அதற்கும் கீழே ஒன்றும் சொல்லாமல் தட்டைத் தள்ளி வைப்பது. நானும் சவரி அண்ணனும் இந்த மூன்றுக்குள்தான் வளர்ந்தோம்.

அப்படிப்பட்டவள் பங்குக் கோயில் ஆட்களோடு சேர்ந்து இந்த நாட்டில் இருக்கிற பாத்திமா மாதா கோயிலுக்குத் திருப்பயணம் வந்தாள். லிஸ்பனில் அந்தக் குழுவுக்கு ஒரு சாயங்காலம் ஓய்வு கொடுத்தார்கள். நான் போய் அம்மாவை மட்டும் பிரித்துக் கூட்டிவந்து லூர்தம்மா கடையில் உட்கார வைத்தேன். சூடாக ஒரு நாத்தா. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கடித்தாள். சேலையில் உதிர்ந்த துகளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இன்னொண்ணு இருக்கா?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அம்மா எதையும் இன்னொன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. மூன்று தின்றாள்.

"இதுக்கு என்னடி பேரு?"

"நாத்தா."

"நத்தையா?"

"நத்தை இல்லம்மா. நாத்தா."

"அதத்தான சொல்றேன். நத்தை."

ஊருக்குப் போய், "மாதாவப் பாத்தேன், நத்தை தின்னேன்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். வயல் நத்தையை மூலத்துக்கு மருந்தாகச் சாப்பிடுவது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அதனால் ஊர் அதை அப்படியே நம்பிவிட்டது. "என்னா வியாதியோ பாவம், அம்புட்டுத் தூரம் போயி நத்தை திங்க வேண்டியதாப் போச்சு" என்று பேசிக்கொண்டார்களாம். சவரி அண்ணன் இதைப் போனில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசியில், "அம்மா வாயத் தொறந்து ஆசையாக் கேட்டது அது ஒண்ணுதான் பாப்பா" என்று முடிப்பார். அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது.

3

அம்மா பந்தலுக்கு அடியில் விழுந்து கிடந்ததை வேலைக்கு வந்தவர்கள்தான் பார்த்திருக்கிறார்கள். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாதம். வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது, விழுங்குகிற சக்தியும் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணி குடுத்தாலும் நுரையீரலுக்குத்தான் போகும்" என்று டாக்டர் அண்ணனிடமும் மதினியிடமும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினாராம்.

அண்ணன் மனைவி ஜெசிந்தா மதினிதான் எல்லாம் செய்தார். குழாயில் கஞ்சி ஊற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி அலசுவது. முதுகில் படுக்கைப்புண் வந்துவிட்டது. அதற்கு மருந்து வைத்துக் கட்டுவதும் அவர்தான். பகலும் ராத்திரியும் ஒரே வேலை, சம்பளமில்லை, லீவு இல்லை. நான் போனில் "மதினி, பாத்துக்கங்க" என்பேன். அதைச் சொல்லும்போது எனக்கே என் வாயைக் கிள்ள வேண்டும் போலிருக்கும்.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். இங்கே இருக்க அனுமதிக்கும் அட்டை ஒன்று உண்டு. என்னுடையது காலாவதியாகிப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். புது அட்டை வரும்வரை பழையதே செல்லும் என்று சொன்னார்கள். ஆனால் அது உள்ளூரில் செல்லும் காசு மாதிரி. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் 'தெபெந்தே' என்பார்கள். சமயத்தைப் பொறுத்தது என்று அர்த்தம். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்ட முதல் பத்துச் சொற்களில் அதுவும் ஒன்று.

ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், என் அம்மா சாகக் கிடக்கிறாள், ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்து, "ஓ, நல்லது, நல்லது" என்றாள். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது. இவர்கள் பாசையில் மொரேர் என்றால் சாவது, மொரார் என்றால் குடியிருப்பது. பதற்றத்தில் நான் மாற்றிச் சொல்லிவிட்டேன். என் அம்மா இந்தியாவில் குடியிருக்கிறாள் என்று கண்ணீரோடு சொன்னவளுக்கு அவள் வேறு என்ன பதில் சொல்வாள்? திரும்பிப் போய் மறுபடி வரிசையில் நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

என் வீட்டுக்காரர், "போறதுன்னா போ, வர முடியலன்னா லிடியாவ நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எங்கள் மகள் லிடியாவுக்குப் பதினான்கு வயது. அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு போர்ச்சுக்கீசில் சிரித்துப் பேசுகிற பிள்ளை. ஏற்கெனவே பாதி கைவிட்டுப் போனவளின் மிச்சத்தையும் விட்டுவிட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது. போகவில்லை.

4

ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. உங்களுக்கும் தெரிந்திருக்கும். உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அது எதற்கோ ஆசைப்பட்டு நிற்கிறது என்பார்கள். மண்ணாசை உள்ளவருக்கு அவர் நிலத்து மண்ணைக் கரைத்து உதட்டில் தடவுவார்கள். பொன்னாசை என்றால் நகையைக் கழுவிய தண்ணீர். தின்கிற ஆசை என்றால் அந்தப் பண்டம். ஆசை தீர்ந்தால் உயிர் அடங்கிவிடும். வேதக்காரர் நாங்கள், ஞானஸ்நானம் எடுத்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆனாலும் இந்த விசயத்தில் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் வித்தியாசம் கிடையாது. பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை பூசி, எண்ணெய் தொட்டு, செபம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா கிடந்தாள். இன்னொரு தடவையும் வந்து பூசினார். அப்போதும் கிடந்தாள். அதற்கப்புறம்தான் தெருவில் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், இந்த மனுசிக்கு என்னதான் ஆசை என்று.

ஒரு மத்தியான வேளை கடையில் இருக்கும்போது அண்ணன் கூப்பிட்டார்.

"ஏ பாப்பா, அம்மா ரெண்டு நாளா நத்த, நத்தங்குது. வேற ஒண்ணும் வெளங்கல. அது மட்டும் வருது."

"நத்தையா?"

"செல்லத்தாயி அக்கா காதுல விழுந்துருச்சு. வயல்ல பொறுக்கி, மொளகு தட்டிப் போட்டு, சாறு வச்சுத் தூக்குச்சட்டியில கொண்டாந்துருச்சு. நாந்தான், இந்த நத்தை இல்லக்கா, அது எந்தங்கச்சி கடையில விக்கிற நத்தைன்னு சொல்லித் திருப்பி அனுப்புனேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ அனுப்புனா இங்கன வர்றதுக்குள்ள ஊசிப்போகும். சின்னமனூர்ல ஒரு பேக்கரியில சொல்லியிருக்கேன். செஞ்சு குடுக்கேன்னாக. செஞ்சதும் போன்ல காட்டுறேன். அதுதானான்னு நீ பாத்துச் சொல்லு. தப்பான பண்டத்தக் குடுத்தா ஆசை அடங்காதுங்குறாக. ஒனக்குத்தான தெரியும்."

"அண்ணே, வாய்ல ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"தெரியும்" என்றார்.

பின்னால் கோழி சத்தம் கேட்டது. அந்தத் 'தெரியும்' என்ற சொல்லில் எல்லாமே இருந்தது. அவரும் மதினியும் எத்தனை நாள் தூங்கவில்லை என்பது இருந்தது. அம்மா படுகிற பாடு இருந்தது. நான் 'இதுதான்' என்று சொன்னால் அம்மா போய்விடுவாள் என்பதும் இருந்தது. அதை வெளிப்படையாக அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பலகாரத்தைப் பற்றித்தான் பேசினோம்.

5

முதலில் அவர் காட்டியது சதுரமாக இருந்தது. முட்டை பப்ஸ் செய்கிற அதே மாவு. நடுவில் வெட்டி, பொட்டலத்தில் வருகிற கஸ்டர்டு பவுடரைக் காய்ச்சி வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டு ஃப்ரூட் சாலட்டில் பார்த்திருப்பீர்கள், அந்த மஞ்சள். அண்ணன் பேக்கரிக்குள் நின்றபடியே காட்டினார். பின்னால் தேங்காய் பன் அடுக்கியிருந்தது.

"இது இல்லண்ணே" என்றேன். அதில் பொய் இல்லை.

பேக்கரி மாஸ்டர் போனை வாங்கிக்கொண்டார். குமுளிக்காரர். "சேச்சி, என்னா கொறைன்னு சொல்லணும். இப்பத்தான செய்யுறேன், ஒரு குத்தம் வரப்பிடாது" என்றார். எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஃபாரினிலிருந்து ஒரு பெண் சொல்லிக் கொடுக்கிறாள், கடைக்குப் புது ஐட்டம் ஆயிற்று என்று நினைத்திருக்க வேண்டும். நானும் சொல்லிக் கொடுத்தேன். பவுடர் வேண்டாம், மஞ்சள்கரு போடுங்கள். மாவைச் சுருட்டி, வட்டம் வட்டமாக நறுக்கி, அச்சில் விரலால் அமுக்குங்கள். அடுப்பு உங்களால் முடிந்த அளவு சூடாக இருக்கட்டும்.

"கருகிப்போகும் சேச்சி."

"கருகணும்."

"கருகினா ஆரு வாங்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இரண்டாவது தடவை வட்டமாக வந்தது. அடியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். வரி லேசாக ஓடியிருந்தது. ஆனால் மேலே வெளிறிப்போய் இருந்தது, நடுவில் ஒரு செர்ரிப் பழம் வேறு. "ஏலக்கா போட்டுருக்காகளாம், மேகமலை ஏலக்கா" என்றார் அண்ணன். எங்கள் பக்கத்தில் எதையாவது உசத்தியாக்க வேண்டும் என்றால் ஏலக்காயைத் தட்டிப் போட்டுவிடுவார்கள். பாயசத்துக்கும் அதுதான், டீக்கும் அதுதான். "ஏலக்கா வாசம் கூடாதுண்ணே, இது இல்ல" என்றேன். அப்போதும் பொய் இல்லை. ஆனால் அப்படிச் சொல்லும்போது எனக்குள் ஒரு சந்தோசம் வந்ததை மறைக்க முடியாது. இன்னும் சில நாள் கிடைத்தது.

அன்றைக்கு மதினி திண்டாடிப்போன குரலில் பேசினார். "மேரி, ஏதாச்சும் ஒண்ணு சரின்னு சொல்லு. அத்தை படுறதக் கண்ணால பாக்க முடியல. இங்கன வந்து ஒரு நாள் பாத்தேன்னா நீயும் இப்பிடி இருக்க மாட்ட." குத்திக்காட்டவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை அண்ணன் வீட்டிலிருந்தே கூப்பிட்டார். எனக்குக் காலை வேளை, கடையில் கூட்டம். மாவு மூட்டை அடுக்கியிருக்கிற பின்னறைக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் போனை ஓரிடத்தில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டைக் கையில் எடுத்தார்.

அதுதான். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேலே கருப்புப் புள்ளிகள். அண்ணன் ஓரத்தை அமுக்கினார், நொறுங்குகிற சத்தம் கடல் தாண்டி வந்து என் காதில் விழுந்தது. கவிழ்த்தார், அடியில் சுற்றிச் சுற்றி வரி. நிமிர்த்திப் பிடித்தார். நடுவில் கஸ்டர்டு நடுங்கியது. சின்னமனூர் பேக்கரியில் ஒரு மனிதர் இந்தப் பலகாரத்தைக் கண்ணால் பார்க்காமலே செய்துவிட்டார். லூர்தம்மா அந்தத் தட்டைப் பார்த்திருந்தால் எங்கள் கடைப் பெட்டிக்குள் வைத்திருப்பாள்.

"இதுதானா பாப்பா?"

"இல்லண்ணே" என்றேன்.

"என்னா கொற?"

சொல்ல ஒரு குறையும் இல்லை. "தெரியலண்ணே. ஆனா இது இல்ல."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு "சரி" என்றார். போன் அணைந்தது.

6

மறுநாள் காலையில் மதினிதான் கூப்பிட்டார். "மேரி, அத்தை போயிட்டாக" என்றார்.

அடக்கத்தை நாங்கள் மூவரும் போனில் பார்த்தோம். லிடியா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பெட்டியைக் கோயிலுக்குள் தூக்கிக்கொண்டு போனபோது, "அம்மாச்சி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் கையை ஓங்கிவிட்டேன். அவள் மிரண்டு போனாள். பிள்ளை மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் அவள் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். அவள் அப்பா தினமும் "போன் செத்துப்போச்சு, சார்ஜர் எங்க?" என்று கேட்பார். இறப்பைச் சொல்ல நம் பாசையில் மரியாதையாக எத்தனையோ சொல் இருக்கிறது, ஒன்றைக்கூட நாங்கள் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த வாரம் துக்கம் விசாரிக்க ஊரிலிருந்து பலர் பேசினார்கள். பிலோமினா சித்தி, "நீ இதுதான்னு சொன்னியாமே தாயி, புண்ணியம் ஒனக்கு. சவரி கையால ஒரு வாய்தான் வாங்குனாகளாம். நிம்மதியாப் போய்ச் சேந்தாக" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும்.

நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். அண்ணன் ஊட்டிவிட்டு, ஆமாம் என்றேன் என்று ஊரிடம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று பல தடவை போனை எடுத்தேன். எடுக்கும்போதெல்லாம் அந்த முதுகுப் புண் ஞாபகத்துக்கு வரும், வைத்துவிடுவேன். புண்ணைக் கழுவாதவள் கேள்வி கேட்க முடியுமா? அண்ணனும் நானும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மழை பெய்ததா, திராட்சை என்ன விலை, லிடியா எப்படிப் படிக்கிறாள், எல்லாம் பேசினோம். அதை மட்டும் பேசவில்லை.

7

போன வியாழக்கிழமை, அம்மாவின் வருசத்துக்கு ஊரில் சாயங்காலப் பூசை. எங்களுக்கு அப்போது மத்தியானம். பூசைக்கு முன்னால் மதினி கூப்பிட்டார். கோயிலுக்குப் பக்கவாட்டில் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணன் எங்க மதினி?"

"வெளியதான் நிக்கிறாக. மேரி, ஒங்கண்ணன் ஆளே சரியில்ல. வருசம் ஒண்ணாச்சு, நன்மை வாங்குறதில்ல. பூசைக்கு வாராக, கடைசி பெஞ்சுல உக்காருறாக. எல்லாரும் நன்மை வாங்கப் போகையில தலையக் குனிஞ்சுக்குறாக. சாமியார் கூப்பிட்டுக் கேட்டாக. ஒண்ணுமில்லைன்னுட்டாக."

வேதக்காரர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். பூசையில் கொடுக்கிற நற்கருணையை எங்கள் பக்கத்தில் நன்மை என்போம். மனசில் பெரிய பாவம் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் அதை வாங்க எழுந்திருக்க மாட்டார்கள். அண்ணன் சின்ன வயதிலிருந்து பீடத்தை ஒட்டி முன்வரிசையில் நிற்கிறவர்.

மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு சொல்றேன். ஒங்கண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். அத்தை நத்த நத்தன்னாகள்ல? எனக்கு அது நாத்தம்னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. புண்ணக் கழுவ வரும்போதெல்லாந்தான் சொன்னாக. மூஞ்சியத் திருப்பிக்கிட்டுச் சொன்னாக. நாந்தான பக்கத்துலயே இருந்தவ. ஊரே நத்தைங்கவும் நானும் வாயத் தொறக்கல."

அம்மா எதற்கும் ஆசைப்படவில்லை. தன் உடம்பு நாறுகிறது என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு நாங்கள் சின்னமனூர் பேக்கரியில் பலகாரம் செய்யச் சொல்லி, வரி சரியாக இருக்கிறதா, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இந்தா, அவுக வாராக" என்று மதினி போனைக் கைமாற்றினார்.

அண்ணன் மெலிந்து போயிருந்தார். வெள்ளைச் சட்டை தோளில் தொங்கியது. எப்படி இருக்கிறாய், லிடியா எங்கே என்று கேட்டார். பிறகு கோயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாப்பா, அன்னைக்கு நீ என்னா சொன்ன? லைனு விட்டு விட்டுல்ல வந்துச்சு. எனக்குச் சரியாக் காதுல விழல."

அன்றைக்கு லைன் கண்ணாடி மாதிரி இருந்தது. மாவு நொறுங்குகிற சத்தமே எனக்குக் கேட்டது. என்னா கொற என்று அவர் கேட்டதும் கேட்டது, சரி என்று சொன்னதும் கேட்டது. அவருக்கும் எல்லாம் கேட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஒரு பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். அம்மாவைப் புரட்டிப் போட்டதில் எனக்குப் பங்கில்லை. கழுவியதில் பங்கில்லை. பெட்டியைத் தூக்கியதிலும், மண் அள்ளிப் போட்டதிலும் பங்கில்லை. என்னால் இங்கிருந்தபடி எடுத்துக்கொள்ள முடிந்த பங்கு இந்த ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"இதுதான்னுதாண்ணே சொன்னேன்."

"அப்பிடியா சொன்ன?"

"ஆமாண்ணே. அதுதான் சரியான பண்டம்னு சொன்னேன். குடுங்கன்னு சொன்னேன். நீங்க நான் சொன்னதத்தான் செஞ்சீக."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மணி அடித்தது. "பூசை ஆரம்பிக்குது, வைக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கடையில் நின்று காப்பி போட்டேன், சில்லறை கொடுத்தேன், நாத்தாவைப் பெட்டியில் அடுக்கினேன். கொஞ்ச நேரத்தில் மதினியிடமிருந்து செய்தி வந்தது. 'அண்ணன் எந்திருச்சுப் போயி நன்மை வாங்கிட்டாக. மாதாவுக்கு நன்றி.'

இங்கே எங்கள் பூசை சாயங்காலம். லிடியாவும் கூட வந்தாள், அதிசயமாகக் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல். சாமியார் அம்மா பெயரைத் தப்பாக வாசித்தார். நன்மை வாங்க எல்லாரும் எழுந்தபோது லிடியாவும் எழுந்தாள். "வரலயாம்மா?" என்றாள். கால் வலிக்கிறது, நீ போ என்றேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் என் முழங்காலைத் தாண்டிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.